விண்டோஸுக்கு மட்டும் வரும் அளவீட்டுக் கருவி மென்பொருளை லினக்ஸில் ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கோப், மல்டிமீட்டர், லாஜிக் அனலைசர், சிப் புரோகிராமர் என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு சிடி அல்லது ஒரு இணைய முகவரி இருக்கும். திறந்து பார்த்தால் விண்டோஸ் செட்டப் கோப்பு மட்டும்தான். கணினியில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் அந்த இடத்தில் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் தமிழ் எழுத்தில் உள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டவும்.

வைன் போதுமா, விர்ச்சுவல் மெஷின் வேண்டுமா?

மென்பொருளின் பெயரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கேபிளை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வைன் ஒரு மொழிபெயர்ப்பாளர். சன்னலை வரை, கோப்பைத் திற, சீரியல் போர்ட்டில் எழுது, நெட்வொர்க் சாக்கெட்டைத் திற என்று நிரல் விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸிடம் கேட்டு வாங்கித் தரும். ஆனால் கருவியோடு வரும் விண்டோஸ் யுஎஸ்பி டிரைவர் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் உட்கார வேண்டியது. அங்கே இருப்பது லினக்ஸ் கெர்னல், அந்த டிரைவருக்கு இடமில்லை. வைனில் யுஎஸ்பி ஆதரவு கொஞ்சம் வந்திருக்கிறது என்றாலும் கருவி வாங்கும்போது அதை நம்பி வாங்க வேண்டாம்.

ஆகவே, சீரியல் போர்ட்டாகத் தெரியும் கருவிக்கும் லேன் கருவிக்கும் வைன் போதும். யுஎஸ்பிடிஎம்சி (அளவீட்டுக் கருவிகளுக்கான பொது யுஎஸ்பி முறை) கருவியோடு லினக்ஸே நேரடியாகப் பேசும். தனக்கென்று டிரைவர் கேட்கும் யுஎஸ்பி கருவிக்கு முதலில் திறந்த மென்பொருள் இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால்தான் விர்ச்சுவல் மெஷின், அதாவது லினக்ஸுக்குள் ஒரு முழு விண்டோஸை ஓட்டுவது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு முழு நாள் விண்டோஸ் நிறுவி முடித்த பிறகுதான், அந்த மீட்டர் வைனிலேயே ஓடியிருக்கும் என்று தெரிகிறது.

என் கருவி எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்பக்கம் இருக்கும் சாக்கெட்டின் வடிவம் எதையும் சொல்லாது. ஒரே சதுர யுஎஸ்பி சாக்கெட்டுக்குப் பின்னால் நான்கு வகையில் எதுவும் இருக்கலாம். டெர்மினலில், கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையை -டபிள்யூ சுவிட்சோடு சூடோ போட்டு ஓடவிட்டு, அதன் பிறகு கேபிளைச் செருகுங்கள். வரிகள் வந்து விழும்.

சிஎச்341, எஃப்டிடிஐ, சிபி210எக்ஸ், பிஎல்2303 என்று ஏதாவது தெரிந்து, கடைசியில் டிடிஒய்யுஎஸ்பி0 என்று முடிந்தால் அது சீரியல். சிடிசி ஏசிஎம் என்று வந்து டிடிஒய்ஏசிஎம்0 என்று முடிந்தாலும் சீரியல்தான். எச்ஐடிரா என்று வந்தால் விசைப்பலகை, மவுஸ் போன்ற எச்ஐடி வகை. சில மல்டிமீட்டர் கேபிள்கள் இப்படி வரும். டெவ் கோப்புறைக்குள் யுஎஸ்பிடிஎம்சி0 என்று ஒரு கோப்பு முளைத்திருந்தால் நல்ல காலம்.

புதிய யுஎஸ்பி சாதனம் வந்தது என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாவிட்டால் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை -வி சுவிட்சோடு ஓட்டி, அந்தக் கருவியின் இன்டர்ஃபேஸ் கிளாஸ் எண்ணைப் பாருங்கள். 254 என்றும் சப்கிளாஸ் 3 என்றும் இருந்தால் யுஎஸ்பிடிஎம்சி. 255 என்றால் தயாரிப்பாளர் தன் விருப்பத்துக்கு அமைத்துக்கொண்ட வழி. தனி டிரைவர் கேட்கும் வகை அதுதான். அதே வெளியீட்டில் வெண்டார் ஐடி, புராடக்ட் ஐடி இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களும் கடைசி வரை தேவைப்படும்.

வைனில் காம் போர்ட் பட்டியலில் என் கேபிள் வரவில்லை. ஏன்?

வந்திருக்கும், ஆனால் காம்33 ஆக. பல லினக்ஸ் வெளியீடுகளில் கெர்னல் டிடிஒய்எஸ்0 முதல் டிடிஒய்எஸ்31 வரை 32 சீரியல் போர்ட் பெயர்களை உருவாக்கி வைக்கிறது, மதர்போர்டில் ஒன்றுகூட இல்லாவிட்டாலும். வைன் அவற்றுக்கு காம்1 முதல் காம்32 வரை கொடுத்துவிட்டு, யுஎஸ்பி கேபிளை அதற்கு அடுத்த எண்ணில் வைக்கும். பழைய மீட்டர் மென்பொருளின் பட்டியல் காம்8 அல்லது காம்16 உடன் முடிந்துவிடும். வைன் கோப்புறைக்குள் டாஸ்டிவைசஸ் என்ற கோப்புறையைத் திறந்தால் எது எங்கே போகிறது என்று பார்க்கலாம்.

அங்கே கையால் இணைப்பை மாற்றினால் அடுத்த முறை வைன் தொடங்கும்போது பழையபடி ஆகிவிடும். நிலையாக மாற்ற வைனின் ரெஜெடிட்டைத் திறந்து, லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், வைன் என்று உள்ளே போய், போர்ட்ஸ் என்ற கீயை உருவாக்குங்கள். அதில் காம்1 என்ற பெயரில் ஒரு ஸ்ட்ரிங் மதிப்பு. மதிப்பாக டெவ் கோப்புறையில் தொடங்கும் டிடிஒய்யுஎஸ்பி0-இன் முழுப் பாதை. பிறகு வைன்சர்வர் கட்டளையை -கே சுவிட்சோடு ஓட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மென்பொருளைத் திரும்பத் திறக்கவும்.

இரண்டு மூன்று சீரியல் கேபிள்கள் இருந்தால் செருகும் வரிசைக்கு ஏற்ப டிடிஒய்யுஎஸ்பி எண் மாறும். டெவ் கோப்புறைக்குள் சீரியல், அதனுள் பை-ஐடி என்ற கோப்புறையில் இருக்கும் நீளமான பெயரை ரெஜிஸ்ட்ரியில் கொடுத்தால் எண் மாறினாலும் கவலை இல்லை. சிஎச்340 சிப்பில் பொதுவாக வரிசை எண் கிடையாது. ஒரே மாதிரி இரண்டு கேபிள் இருந்தால் பை-ஐடியால் அவற்றைப் பிரிக்க முடியாது. அப்போது பை-பாத் கோப்புறையில் இருக்கும் பெயர். எந்த யுஎஸ்பி துளையில் செருகினீர்கள் என்பதை வைத்து அது அமையும்.

போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்கிறது.

மூன்று காரணங்கள்.

முதலாவது அனுமதி. டெபியன், உபுண்டுவில் உங்கள் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும். ஆர்ச்சில் அந்தக் குழுவின் பெயர் யுயுசிபி. யூசர்மாட் கட்டளையில் -ஏஜி சுவிட்ச். அதில் ஏ விட்டுப்போனால் மற்ற குழுக்களில் இருந்தெல்லாம் நீங்கள் வெளியேறிவிடுவீர்கள், சூடோ உட்பட. சேர்த்த பிறகு லாக்அவுட் செய்து மீண்டும் உள்ளே வந்தால்தான் நடைமுறைக்கு வரும். வைனை ரூட்டாக ஓட்டிச் சமாளிக்க வேண்டாம். கோப்புகளின் உரிமை ரூட்டுக்குப் போய், பிறகு சாதாரணப் பயனராக அதே வைன் கோப்புறை திறக்காது.

இரண்டாவது பிரெய்ல் டிஸ்பிளே சேவை. உபுண்டு 22.04-இல் சிஎச்340 கேபிளைச் செருகியதும் டிடிஒய்யுஎஸ்பி0 தோன்றி உடனே மறையும். பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை அதே ஐடி உள்ள பிரெய்ல் கருவி என்று நினைத்து அதைப் பிடித்துக்கொள்கிறது. டிமெஸ்ஜியில் அதன் பெயரே தெரியும். உங்களுக்கோ அந்தக் கணினியைப் பயன்படுத்தும் வேறு யாருக்குமோ பிரெய்ல் டிஸ்பிளே தேவையில்லை என்றால் அந்தப் பேக்கேஜை நீக்கிவிடலாம். தேவை என்றால் அதன் யுடெவ் விதியில் (சாதனம் செருகும்போது லினக்ஸ் பார்க்கும் விதி) 1ஏ86:7523 என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது மோடம்மேனேஜர். ஏசிஎம் வகைக் கருவியைச் செருகியதும் அது மோடமா என்று பார்க்க ஏடி கட்டளைகளை அனுப்பும். கருவி அதைப் புரியாத கட்டளை என்று எடுத்துக்கொண்டு பிழை எழுப்பும், அல்லது செருகிய முதல் சில விநாடிகள் போர்ட் பிஸியாக இருக்கும். சேவையை நிறுத்திப் பாருங்கள். அதனால்தான் என்று தெரிந்தால், அந்தக் கருவியை மட்டும் ஒதுக்கும்படி யுடெவ் விதியில் ஐடி-எம்எம்-டிவைஸ்-இக்னோர் என்ற மாறிக்கு 1 கொடுத்து வைக்கலாம். சொற்களுக்கு நடுவே அடிக்கோடு, எல்லாம் பெரிய எழுத்து.

போர்ட் திறக்கிறது, ஆனால் மீட்டரில் இருந்து ஓர் எண்கூட வரவில்லை.

மீட்டரில் ஆர்எஸ்-232 பொத்தானை அழுத்தினீர்களா என்று முதலில் பாருங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதி டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற சீரியல் கட்டுப்பாட்டுக் கம்பிகள். மல்டிமீட்டர் கேபிளில் மீட்டர் பக்கம் ஒரு அகச்சிவப்பு எல்இடி, கேபிள் பக்கம் அதைப் பார்க்கும் ஃபோட்டோ டிரான்சிஸ்டர். நடுவே மின்தொடர்பு இல்லை. கேபிள் பக்கச் சுற்றுக்குத் தனி பேட்டரி கிடையாது. டிடிஆர் கம்பியை உயர்த்தி, ஆர்டிஎஸ் கம்பியைத் தாழ்த்தி, அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வோல்டேஜிலேயே அது இயங்குகிறது. மென்பொருள் இரண்டையும் உயர்த்திவிட்டால் கேபிள் செத்த கேபிள்தான். யூனி-டி நிறுவனத்தின் யுடி61இ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: வேகம் 19200, தரவு பிட் 7, ஒற்றைப்படை பாரிட்டி, ஸ்டாப் பிட் 1, டிடிஆர் 1, ஆர்டிஎஸ் 0. எல்லாம் பொருந்தினால் ஒவ்வோர் அளவுக்கும் 14 பைட் வரும். 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைத்துப் பார்த்தால் பைட்கள் வரும், ஆனால் பாதிக்கு மேல் விநோத எழுத்துகளாக இருக்கும். குப்பை வருகிறது என்றால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று பொருள்; வேகமோ பாரிட்டியோதான் தவறு.

எண்கள் வருகின்றன, ஆனால் கேள்வி-பதிலாகப் பேசும் கருவி மந்தமாக இருக்கிறது என்றால், அது எஃப்டிடிஐ கேபிளாக இருந்தால், லேட்டன்சி டைமரைப் பாருங்கள். சிறிய பதில்களை 16 மில்லி விநாடி தேக்கி வைத்து அனுப்புவது அதன் இயல்பு. சிஸ் கோப்புறைக்குள் யுஎஸ்பி-சீரியல் சாதனங்களின் கீழே லேட்டன்சி டைமர் என்ற கோப்பில் 1 என்று எழுதினால் போதும்.

செட்டப் நடுவிலேயே நின்றுவிடுகிறது.

கடைசிக் கட்டத்தில் டிரைவர் நிறுவ முடியவில்லை என்று நின்றால் பொருட்படுத்த வேண்டாம். சீரியல் கேபிளுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலில் ஏற்கனவே இருக்கிறது. செட்டப் அதைத் தன் பங்குக்கு ஒருமுறை நிறுவப் பார்க்கிறது, அவ்வளவுதான். தொடக்கத்திலேயே நின்றால் டாட்நெட் அல்லது விஷுவல் சி++ ரன்டைம் குறைகிறது. ஒவ்வொரு கருவி மென்பொருளுக்கும் தனி வைன் பிரிஃபிக்ஸ் (வைன் தன் கோப்புகளை வைக்கும் கோப்புறை) உருவாக்கி, வைன்டிரிக்ஸ் மூலம் அதற்குத் தேவையானதை மட்டும் நிறுவுங்கள். எல்லாவற்றையும் ஒரே பிரிஃபிக்ஸில் போட்டால், ஒன்றுக்காகச் செய்த மாற்றம் இன்னொன்றைக் கெடுக்கும்.

மென்பொருள் என்ஐ-விசா (கருவிகளோடு பேச உதவும் மென்பொருள்) கேட்கிறது. வைனில் அது நிறுவப்படவில்லை.

படாது. அது ஒரு டிஎல்எல் மட்டுமல்ல. சேவைகளும் கெர்னல் டிரைவர்களும் சேர்ந்த மூட்டை. அதன் மேல் லேப்வியூவில் எழுதிய மென்பொருள் இருந்தால் வைனில் நேரத்தை வீணாக்காமல் விர்ச்சுவல் மெஷினுக்குப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்று: அந்த மென்பொருளில் உங்களுக்கு உண்மையில் வேண்டியது என்ன? பெரும்பாலோருக்கு வேண்டியது கருவியின் திரையைப் படமாக எடுப்பது, அலைவடிவத்தை சிஎஸ்வி கோப்பாக எடுப்பது, ஒரு மணி நேரம் வோல்டேஜைப் பதிவு செய்வது. விசா பேசும் கருவிகள் ஏறத்தாழ எல்லாமே எஸ்சிபிஐ என்ற எளிய எழுத்துக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும். அதற்கு விண்டோஸ் தேவையே இல்லை. என்ஐ, ரோடே அண்ட் ஷ்வார்ட்ஸ் இரண்டுமே லினக்ஸுக்கு விசா தருகின்றன. அதுவும் வேண்டாம் என்றால் பைவிசா, பைவிசா-பை இரண்டையும் பைத்தானில் நிறுவினால் போதும்.

அப்படியானால் யுஎஸ்பிடிஎம்சி கருவியோடு நேரடியாகப் பேசுவது எப்படி?

எக்கோ கட்டளையில் நட்சத்திரக் குறி, ஐடிஎன், கேள்விக்குறி மூன்றையும் ஒட்டி எழுதி, அதை டெவ் கோப்புறையின் யுஎஸ்பிடிஎம்சி0-க்குள் அனுப்புங்கள். பிறகு கேட் கட்டளையால் அதே கோப்பைப் படித்தால் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், ஃபர்ம்வேர் பதிப்பு நான்கும் காற்புள்ளி இட்டு ஒரே வரியில் வரும். வந்துவிட்டால் மீதி எல்லாம் புரோகிராமிங் கையேட்டைப் பார்த்துத் தட்டுவதுதான்.

சாதாரணப் பயனருக்கு அனுமதி இருக்காது. எட்சி கோப்புறையின் யுடெவ் விதிகளில் ஒரு கோப்பு உருவாக்கி, வெண்டார் ஐடியைக் குறிப்பிட்டு யுஅக்சஸ் என்ற டேகைச் சேர்க்கவும். ரைகோல் கருவிகளுக்கு வெண்டார் ஐடி 1ஏபி1. கோப்பின் பெயர் 73-க்குக் குறைந்த எண்ணில் தொடங்க வேண்டும். 99 என்று தொடங்கும் பழக்கம் பலருக்கு உண்டு. யுஅக்சஸைக் கவனிக்கும் விதி 73-இல் ஓடி முடிந்துவிடுவதால் 99-இல் ஒட்டிய டேகை யாரும் பார்ப்பதில்லை. பிழைச் செய்தியும் வராது, அனுமதியும் கிடைக்காது.

கருவியில் லேன் சாக்கெட்டும் இருக்கிறது. எதைப் பயன்படுத்துவது?

லேன். யோசிக்க வேண்டாம்.

டிரைவர் இல்லை, அனுமதிச் சிக்கல் இல்லை, விண்டோஸ் மென்பொருளை வைனில் ஓட்டினாலும் சாக்கெட் அப்படியே வேலை செய்யும். கீசைட், சிக்லென்ட் கருவிகள் பொதுவாக 5025 போர்ட்டிலும் ரைகோல் ஸ்கோப்கள் 5555 போர்ட்டிலும் எஸ்சிபிஐ கேட்கும். நெட்கேட் கட்டளையாலேயே பேசிப் பார்க்கலாம். எல்எக்ஸ்ஐ-டூல்ஸ் என்ற திறந்த மென்பொருள் நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளைத் தேடியும் கொடுக்கும், திரையைப் படமாக எடுத்தும் கொடுக்கும்.

திரையின் படத்தை நீங்களே எடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ரைகோல் டிஎஸ்1054இசட்டில் டிஸ்பிளே டேட்டா கேள்வியை அனுப்பினால் பிஎம்பி படம் வரும். அப்படியே கோப்பில் சேமித்தால் எந்தப் பட மென்பொருளும் திறக்காது. முதல் 11 பைட் படமே அல்ல. #9001152054 என்ற தலைப்பு அது. # தொடக்கக் குறி. 9 என்பது அடுத்து வரும் நீள எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்பது. 001152054 என்பது படத்தின் பைட் எண்ணிக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 800 பெருக்கல் 480 பெருக்கல் 3 நிறங்கள் 1152000, அதோடு பிஎம்பி தலைப்பு 54. அந்த 11 பைட்டை வெட்டிவிட்டுச் சேமித்தால் படம் திறக்கும். அலைவடிவத் தரவுக்கும் இதே வகைத் தலைப்புதான் வரும்.

விண்டோஸ் மென்பொருள் கருவியைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை என்றால் ஐபி முகவரியைக் கையால் கொடுங்கள். விர்ச்சுவல் மெஷினில் இதே சிக்கல் வந்தால் நெட்வொர்க்கை நேட்டில் இருந்து பிரிட்ஜுக்கு மாற்றுங்கள். தேடும் பிராட்காஸ்ட் பொட்டலங்கள் நேட்டைத் தாண்டாது.

தனி டிரைவர் கேட்கும் கருவிகளுக்குத் திறந்த மாற்று உண்டா?

எதிர்பார்ப்பதைவிட அதிகம். சைப்ரஸ் எஃப்எக்ஸ்2 சிப் உள்ள 8 சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர்களுக்கு சிக்ராக் திட்டத்தின் பல்ஸ்வியூ. பல்ஸ்வியூ கருவியைத் தேடும்போது அதன் எஃப்எக்ஸ்2லாஃப்டபிள்யூ ஃபர்ம்வேர் கருவிக்குள் ஏறிக்கொள்ளும். ஐ2சி, எஸ்பிஐ, யுஏஆர்டி டீகோடர்கள் உள்ளேயே இருக்கின்றன. பல மல்டிமீட்டர்களையும் சிக்ராக் படிக்கும். ஹான்டெக் 6022பிஇ ஸ்கோப்புக்கு ஓபன்ஹான்டெக்6022. டிஎல்866 வரிசை சிப் புரோகிராமர்களுக்கு மினிப்ரோ. முகப்புத் திரை இல்லை, கட்டளை மட்டும்தான், ஆனால் ஒரே சிப்பை நூறு தடவை எழுத வேண்டியவருக்கு அதுவே வசதி. நானோவிஎன்ஏவுக்கு நானோவிஎன்ஏ-சேவர்.

பிகோஸ்கோப், சேலியே, டிஜிலென்ட் வேவ்ஃபார்ம்ஸ் மூன்றுக்கும் தயாரிப்பாளரே லினக்ஸ் பதிப்பு தருகிறார். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் பட்டியலை அங்கிருந்து தொடங்கலாம்.

வேறு வழி இல்லை. விர்ச்சுவல்பாக்ஸில் எப்படி அமைப்பது?

பயனரை விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்த்து லாக்அவுட் செய்து வாருங்கள். இதைச் செய்யாவிட்டால் யுஎஸ்பி பட்டியல் காலியாகவே இருக்கும். மெஷின் அணைந்திருக்கும்போது அமைப்புகளில் யுஎஸ்பி கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுங்கள்: விண்டோஸ் 10, 11-க்கு 3.0, விண்டோஸ் 7-க்கு 2.0, ஏனென்றால் அதற்குத் தன்னளவில் யுஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது. விர்ச்சுவல்பாக்ஸ் 7.0-க்கு முந்திய பதிப்பில் 2.0-உம் 3.0-உம் வேண்டுமானால் எக்ஸ்டென்ஷன் பேக் தனியே நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் 1.1 மட்டும்தான், அதாவது 12 மெகாபிட். ஸ்கோப்புக்கு அது போதாது.

அடுத்து, கருவிக்கு ஒரு யுஎஸ்பி ஃபில்டர், அதாவது எந்தச் சாதனத்தை மெஷினிடம் தர வேண்டும் என்று சொல்லும் விதி. கூட்டல் குறியை அழுத்திக் கருவியைத் தேர்ந்தெடுத்தால் பெயர், வரிசை எண், ரிவிஷன் என்று எல்லாப் பெட்டியும் நிரம்பி வரும். வெண்டார் ஐடி, புராடக்ட் ஐடி இரண்டைத் தவிர மற்றவற்றை அழித்துவிடுங்கள். ரிவிஷன் மாறினாலே ஃபில்டர் பொருந்தாமல் போய்விடும்.

ஃபில்டர் போட்டும் கருவி ஒரு நொடி தெரிந்து மறைகிறது.

மிக அதிகமாக வரும் சிக்கல் இதுதான், காரணம் தெரிந்தால் இரண்டு நிமிட வேலை. எஃப்எக்ஸ்2 சிப் வைத்த கருவிகளில் பலவற்றுக்குள் ஃபர்ம்வேரே இருக்காது. செருகியதும் வெறும் சிப்பாக ஓர் ஐடியோடு வரும். விண்டோஸ் டிரைவர் ஃபர்ம்வேரை அதற்குள் ஏற்றும். உடனே கருவி தன்னைத்தானே கழற்றிக்கொண்டு இன்னோர் ஐடியோடு புதிதாக வரும். ஹான்டெக் 6022பிஇ முதலில் 04பி4:6022 ஆக வரும், ஃபர்ம்வேர் ஏறியதும் 04பி5:6022 ஆக மாறும். உங்கள் ஃபில்டர் முதல் ஐடிக்கு மட்டும் இருந்தால், இரண்டாம் முறை வருவது லினக்ஸிடமே நின்றுவிடும். விண்டோஸில் இருந்து பார்த்தால் கருவி மாயமாக மறைந்த மாதிரி இருக்கும்.

டிமெஸ்ஜியை ஓடவிட்டுக்கொண்டே மெஷினுக்குள் செருகிப் பாருங்கள். இரண்டு ஐடியும் அடுத்தடுத்து தெரியும். இரண்டுக்கும் ஒவ்வொரு ஃபில்டர் போட்டால் தீர்ந்தது.

விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதில் கேவிஎம்மும் வர்ட்-மேனேஜரும் பயன்படுத்துவோர் யுஎஸ்பி சாதனத்தை நிலையாகச் சேர்ப்பதைவிட, வியூவர் சன்னலின் யுஎஸ்பி ரீடைரக்ஷனை இயக்குவது எளிது. நிலையாகத்தான் வேண்டும் என்றால் மெஷினின் எக்ஸ்எம்எல் அமைப்பில் ஸ்டார்ட்அப் பாலிசியை ஆப்ஷனல் என்று வையுங்கள். இல்லையென்றால் கருவி செருகப்படாத நாளில் மெஷினே தொடங்க மறுக்கும்.

கருவி இணைகிறது, ஆனால் அலைவடிவம் விட்டு விட்டு வருகிறது.

நிறுத்தி நிறுத்திப் பிடிக்கும் ஸ்கோப் மெஷினுக்குள் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். இடைவிடாமல் தரவைக் கொட்டும் லாஜிக் அனலைசர்தான் தடுமாறும். 8 சேனலை 24 மெகாஹெர்ட்ஸில் பிடித்தால் விநாடிக்கு 24 மெகாபைட். யுஎஸ்பி 2.0-க்கு இது முடியாத வேகமல்ல, நடைமுறையில் ஏறத்தாழ 40 வரை போகும். சிக்கல் வேகத்தில் இல்லை, தாமதத்தில். எஃப்எக்ஸ்2 சிப்புக்குள் இருக்கும் தேக்கம் 4 கிலோபைட். அந்த வேகத்தில் சுமார் 170 மைக்ரோ விநாடியில் நிரம்பிவிடும். கணினி அடுத்தடுத்த வாசிப்புகளை வரிசையில் தயாராக வைத்திருந்தால் பிழைக்கும். நடுவில் மெஷினை ஓட்டும் ஹைப்பர்வைசர் கொஞ்சம் அசந்தாலும் தரவு கொட்டிப் போகும்.

சாம்பிள் வேகத்தைக் குறைப்பது முதல் மருந்து. 1 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐயைப் பார்க்க 8 மெகாஹெர்ட்ஸ் போதும். கருவியை ஹப் இல்லாமல் நேரே செருகுங்கள். அதுவும் போதாது என்றால் கேவிஎம்மில் யுஎஸ்பி கன்ட்ரோலர் ஒன்றையே முழுதாக மெஷினிடம் ஒப்படைக்கலாம். பயாஸில் ஐஓஎம்எம்யு (சாதனத்தை மெஷினிடம் ஒப்படைக்க உதவும் வசதி) இயங்க வேண்டும், கன்ட்ரோலர் தனி ஐஓஎம்எம்யு குழுவில் இருக்க வேண்டும், உங்கள் விசைப்பலகை அதே கன்ட்ரோலரில் இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையை மறந்தவர்கள் மெஷினைத் தொடங்கியதும் கைகட்டி நிற்பார்கள். ஒப்படைத்துவிட்டால் ஐடி மாறும் சிக்கலும் கூடவே போய்விடும்.

மெஷினுக்குள் விண்டோஸ் டிரைவர் என் கேபிளை ஏற்க மறுக்கிறது. லினக்ஸில் அதே கேபிள் ஓடுகிறது.

பழைய பிஎல்2303 சிப் உள்ள கேபிள்களை புதிய விண்டோஸ் டிரைவர் திட்டமிட்டே ஒதுக்குகிறது. 2012-லேயே அந்தச் சிப் நிறுத்தப்பட்டது என்று டிவைஸ் மேனேஜரில் வரியே வரும். எஃப்டிடிஐ கதை இன்னும் கடுமை. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர், போலிச் சிப்களின் புராடக்ட் ஐடியைப் பூஜ்யமாக்கி முடக்கியது.

லினக்ஸ் டிரைவர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்: யுஎஸ்பி கேபிளை மெஷினுக்குக் கொடுக்காதீர்கள், சீரியல் போர்ட்டைக் கொடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்புகளில் சீரியல் போர்ட், காம்1, ஹோஸ்ட் டிவைஸ் என்று தேர்ந்து, பாதையாக டிடிஒய்யுஎஸ்பி0-ஐக் கொடுத்தால் விண்டோஸுக்கு அது மதர்போர்டில் இருக்கும் சாதாரண காம்1. எந்த டிரைவரும் கேட்காது. காம்1-ஐத் தவிர எதையும் அறியாத எக்ஸ்பி காலத்து மென்பொருளுக்கும் இதுவே சிறந்த வழி.

ஜிபிஐபி, பாரலல் போர்ட், லைசன்ஸ் டாங்கிள்?

பழைய அளவீட்டுக் கருவிகளின் இணைப்பு முறையான ஜிபிஐபிக்கு லினக்ஸ்-ஜிபிஐபி; கெர்னல் 6.13-இல் அதன் டிரைவர்கள் ஸ்டேஜிங் என்ற சோதனைப் பகுதிக்கு வந்தன. அஜிலென்ட் 82357பி போன்ற அடாப்டர்களுக்கு ஃபர்ம்வேர் தனியே ஏற்ற வேண்டும்.

பாரலல் போர்ட்டின் பின்களை நேரடியாக ஆட்டும் பழைய புரோகிராமர் வைனில் ஓடாது. யுஎஸ்பி-பாரலல் கேபிளும் உதவாது, அது பிரிண்டருக்கு மட்டும். உண்மையான பாரலல் போர்ட் உள்ள பழைய கணினி ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

லைசன்ஸைச் சரிபார்க்கச் செருகும் டாங்கிள் என்றால் விர்ச்சுவல் மெஷின். கருவிக்குப் போட்டது போலவே அதற்கும் ஒரு ஃபில்டர்.

ஃபர்ம்வேர் அப்டேட்டை விர்ச்சுவல் மெஷினில் செய்யலாமா?

தவிர்க்க முடிந்தால் தவிர்க்கவும். அப்டேட்டின் நடுவே கருவி பூட்லோடருக்குள் போய்ப் புதிய ஐடியோடு வரும். ஃபில்டர் அதைப் பிடிக்காவிட்டால், பழைய ஃபர்ம்வேர் அழிந்து புதியது ஏறாத நிலையில் கருவி நிற்கும். கருவியில் பென்டிரைவ் துளை இருந்தால் அதன் வழியே செய்யுங்கள். எஸ்டிஎம்32 வைத்த கருவிகள் டிஎஃப்யு (ஃபர்ம்வேர் ஏற்றும்) நிலையில் 0483:டிஎஃப்11 என்று வந்தால் லினக்ஸின் டிஎஃப்யு-யுடில் நேரடியாகவே எழுதும்.

எந்தத் திறந்த மென்பொருளும் இல்லை. கருவி என்ன பேசுகிறது என்று பார்க்க முடியுமா?

முடியும், அதற்கு விர்ச்சுவல் மெஷினைவிட வசதியான இடம் இல்லை. விண்டோஸ் உள்ளே கருவியோடு பேசிக்கொண்டிருக்கும்போது எல்லாப் பொட்டலங்களும் லினக்ஸ் வழியாகத்தான் போகின்றன. மாட்ப்ரோப் கட்டளையால் யுஎஸ்பிமான் மாட்யூலை ஏற்றி, வயர்ஷார்க்கைத் திறந்து, எல்எஸ்யுஎஸ்பி காட்டும் பஸ் எண்ணுக்குரிய யுஎஸ்பிமானைத் தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோலரையே மெஷினிடம் ஒப்படைத்திருந்தால் மட்டும் இது பலிக்காது.

பதிவை ஓடவிட்டு மென்பொருளில் ஒரே ஒரு பொத்தானை அழுத்துங்கள். உதாரணமாக வோல்ட் அளவை 1-இல் இருந்து 2-க்கு மாற்றி நிறுத்துங்கள், கோப்பைச் சேமியுங்கள். அடுத்து 2-இல் இருந்து 5-க்கு, இன்னொரு கோப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாறிய பைட் எது என்று கண்ணில் படும். பல பொத்தான்களை ஒரே பதிவில் அழுத்தியவர்கள் பிறகு எந்தப் பொட்டலம் எதற்கு என்று தெரியாமல் முதலில் இருந்து தொடங்குகிறார்கள்.